உயிர் காலேஜில் என்ன பாடம்?

கரும்பலகை | சனி, இரவு 9.10

செங்கல்பட்டுப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர் நான். நேற்று எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் 43 பேரை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு காலையில் வண்டலூர் உயிரியல் பூங்கா, பிற்பகலில் வடநெம்மேலி முதலைப் பண்ணை என்று சுற்றிவிட்டு வந்தேன். இரண்டு பேர் வாந்தி எடுத்தார்கள், ஒருவன் செருப்பைத் தொலைத்தான், மற்றபடி குறையில்லை. இன்று ஆசிரியர் அறையில் சக ஆசிரியர் ஒருவர், "மிருகங்களின் சிறைச்சாலையைச் சுற்றிக் காட்டிவிட்டு அதற்கு இயற்கைக் கல்வி என்று பெயர் வைக்கிறீர்களே" என்றார். தேநீர் ஆறிப்போகும்வரை யோசித்தும் பதில் வரவில்லை. அதனால் இங்கே கேட்கிறேன்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். முதலைக் குளத்தின் ஓரம். வெயிலில் நாற்பது ஐம்பது முதலைகள் வாயைப் பிளந்தபடி, அடுக்கிவைத்த விறகு போலக் கிடந்தன. என் மாணவன் ஒருவன் குனிந்து கல்லைப் பொறுக்கினான். கையைப் பிடித்தேன். "உயிர் இருக்கிறதா என்று பார்க்கத்தான் சார்" என்றான். அங்கே விளக்கம் சொல்ல வந்திருந்த ஓர் இளம்பெண் அதைப் பார்த்துவிட்டார். திட்டவில்லை. "சூட்டைத் தணிக்கத்தான் வாயைத் திறந்து வைத்திருக்கிறது, நாய் நாக்கைத் தொங்கப் போடுகிறதே, அதுபோல" என்றார். முட்டைக்குள் இருப்பது ஆணா பெண்ணா என்பதை அதைப் புதைத்த மண்ணின் வெப்பம்தான் முடிவு செய்யும் என்றார்: 32 டிகிரியை ஒட்டி இருந்தால் ஆண்கள் அதிகம், அதற்குக் கீழே இறங்கினால் பெண்கள். வகுப்பில் வாயே திறக்காத ஒரு மாணவி, "வருடா வருடம் வெயில் ஏறிக்கொண்டே போகிறதே, அப்போது என்ன ஆகும்?" என்று கேட்டாள்.

பதினோரு ஆண்டுகளாகப் புவி வெப்பமாதல் பாடம் நடத்துகிறேன். அந்தக் கேள்வி என் வகுப்பில் ஒருமுறைகூட வந்ததில்லை. சிறைச்சாலை என்று ஒரே சொல்லில் தள்ளிவிடலாமா?

கழுவெளி | சனி, இரவு 10.02

ஆசிரியரே, மாணவியின் கேள்வி அருமை. ஆனால் அதைக் கேட்க வைத்தது முதலையா, அந்த இளம்பெண்ணா? அவர் ஒரு முட்டை ஓட்டையும் வெப்பமானியையும் எடுத்துக்கொண்டு உங்கள் பள்ளிக்கு வந்திருந்தாலும் அந்தக் கேள்வி வந்திருக்கும். முதலைக்கு மட்டும் கிடைத்தது என்ன? 43 பேரின் கூச்சலும் ஒரு கல் ஓங்கலும்.

வண்டலூரைப் பற்றி நீங்கள் எதுவும் எழுதாததையும் கவனித்தேன். 602 ஹெக்டேர் பரப்பு. கூட்டம் எங்கே முண்டியடிக்கும்? வெள்ளைப்புலியின் முன்னால். அது தனி இனமே இல்லை. பெற்றோர் இருவரிடமிருந்தும் ஒரு மறைபண்பு வந்து சேர்ந்தால் பிறக்கும் நிறமாற்றம். 1951-ல் மத்தியப் பிரதேசத்து ரேவா காட்டில் பிடிபட்ட மோகன் என்ற குட்டியை வளர்த்து, அதை அதன் மகளோடே சேர்த்து உண்டாக்கிய வம்சம்தான் பூங்காக்களில் நாம் வாய் பிளந்து பார்ப்பது. அதைக் காட்டில் விடப்போவதும் இல்லை, காடு அதைக் கேட்கவும் இல்லை. இதற்குப் பெயர் உயிரினப் பாதுகாப்பு என்றால், பொருட்காட்சியில் இரட்டைத் தலைக் கன்றுக்குட்டி காட்டியதும் பாதுகாப்புதான்.

அதே பூங்காவில் சோலைமந்தி இருக்கிறது, சிங்கவால் குரங்கு. மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகில் வேறெங்கும் கிடையாது. அதன் முன்னால் பிள்ளைகள் எத்தனை நிமிடம் நின்றார்கள்?

கரும்பலகை | சனி, இரவு 10.09

நிற்கவில்லை. சாப்பாட்டு நேரம் நெருங்கிவிட்டது.

மூர்மார்க்கெட் | ஞாயிறு, காலை 5.48

எனக்கு 74 வயது. தூக்கம் வராததால் இதைப் படித்தேன். சென்ட்ரலுக்குப் பக்கத்தில், மூர் மார்க்கெட்டை ஒட்டி மிருகக்காட்சி சாலை இருந்த காலத்தில் வளர்ந்தவன். வெளியூரிலிருந்து பட்டணம் பார்க்க வருகிற உறவினர்கள் இரண்டு இடங்களைக் கேட்பார்கள். எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு அவர்கள் வைத்த பெயர் செத்த காலேஜ். மிருகக்காட்சி சாலைக்கு உயிர் காலேஜ். எழுதப் படிக்கத் தெரியாத என் பாட்டிகூட அப்படித்தான் சொன்னார்.

உயிர் காலேஜில் நான் கற்றதைச் சொல்கிறேன். புலியின் கூண்டு எட்டு அடி இருக்கும். இந்தக் கம்பியிலிருந்து அந்தக் கம்பிக்கு, அந்தக் கம்பியிலிருந்து இந்தக் கம்பிக்கு, நாள் முழுக்க. நாங்கள் வேர்க்கடலையை ஓட்டோடு எறிவோம். யாரும் தடுத்ததில்லை. 1985-ல் வண்டலூர் திறந்தபோது என் மகனை அழைத்துப் போனேன். கம்பிக்குப் பதில் அகழி, அதற்கு அப்பால் மரங்கள். புலி எங்கே என்று அரை மணி நேரம் தேடினோம். மகன் அழுதான். எனக்கு மட்டும் ஏதோ பழைய கடன் அடைந்ததுபோல இருந்தது.

கழுவெளி தம்பி சொல்வது சரியாக இருக்கலாம். ஆனாலும் ஒன்றைக் கேட்கிறேன். என் இளமையில் புலித்தோலைச் சுவரில் மாட்டுவது குடும்பப் பெருமை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1972-ல். சட்டம் வந்ததும் தோலைக் கழற்றினார்கள், சரி. அதைக் கண்டு கூசுகிற மனம் எங்கிருந்து வந்தது? காட்டுக்குப் போய்ப் புலியைப் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

கழுவெளி | ஞாயிறு, காலை 7.30

பெரியவரே, வணக்கம். உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். ஆனால் மக்கள் அதைக் காலேஜ் என்று அழைத்தது பாடம் நடந்ததாலா, வெள்ளைக்காரன் எழுப்பியதெல்லாம் காலேஜ்தான் என்று நினைத்ததாலா? அதன் தொடக்கமே வேடிக்கையானது. அருங்காட்சியகத்துக்குப் பொறுப்பாக இருந்த எட்வர்ட் பால்ஃபர், உயிருள்ள விலங்கை வைத்தால் கூட்டம் அதிகம் வருகிறது என்று கண்டுகொண்டார். 1855-ல் அந்த வளாகத்திலேயே மிருகக்காட்சி சாலை தொடங்கியது அப்படித்தான். கூட்டத்தை இழுக்கத்தான் புலி வந்தது. கல்வி, பாதுகாப்பு எல்லாம் பிறகு ஒட்டிய லேபிள்கள். மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் வந்தது 1992-ல்தான்.

கூச்சம் எங்கிருந்து வந்தது என்கிறீர்கள். பள்ளியிலிருந்தும் பத்திரிகையிலிருந்தும் வந்திருக்கலாம். அந்த எட்டு அடி நடையைப் பார்த்த வெட்கத்திலிருந்தும் வந்திருக்கலாம். அப்படியானால் அது பூங்காவின் வெற்றி அல்ல, அதன் குற்றத்தின் விளைவு.

பாம்படம் | ஞாயிறு, காலை 11.20

சமையலை முடித்துவிட்டு வந்தேன், நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கல்லூரிக் காலத்தில் கிண்டி பாம்புப் பண்ணையில் விடுமுறைதோறும் தன்னார்வலராக நின்றவள் நான். 1972-லிருந்து அங்கே இருக்கிறது. கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று ஒரு நாளைக்கு நூறு முறை ஒரே கேள்விகளுக்குப் பதில் சொல்வேன். பாம்பு பால் குடிக்குமா? குடிக்காது. கொன்றால் துணைப்பாம்பு தேடி வந்து பழிவாங்குமா? வராது. சாரையும் நல்ல பாம்பும் பிணையுமாமே? பிணையாது, நீங்கள் பார்த்தது இரண்டு ஆண் சாரைகளின் மல்யுத்தம். கொம்பேறி மூக்கன் கடித்துவிட்டு மரத்தில் ஏறிச் சுடுகாட்டுப் புகையைப் பார்த்த பிறகுதான் இறங்குமாமே? ஐயா, அது விஷமே இல்லாத பாம்பு, மரம் அதன் வீடு.

சிரிப்பாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு கதைக்குப் பின்னாலும் ஒரு தடி இருக்கிறது, அடிபட்டுச் சாகும் பாம்பு இருக்கிறது. மனிதச் சாவும் இருக்கிறது. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர் இறந்தார்கள் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. பெரும்பாலும் வயலில், வீட்டில், கிராமத்தில். கயிற்றால் இறுக்கிக் கட்டுவது, பிளேடால் கீறுவது, மந்திரிக்க ஓடுவது: இந்த மூன்றில் போகிற நேரம்தான் உயிரைக் கொண்டுபோகிறது. நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கையும் நேரில் பார்த்துவிட்டுப் போனவர், தோட்டத்தில் தண்ணீர்ப்பாம்பைக் கண்டு தடியைத் தேடமாட்டார். கட்டு விரியன் கடித்தால் வலியே இல்லாமல் போகலாம் என்று கேட்டுவிட்டுப் போனவர், விடியட்டும் பார்த்துக்கொள்ளலாம் என்று படுக்கமாட்டார். தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அறிவிக்கை செய்ய வேண்டிய நோயாக, அதாவது மருத்துவமனைகள் அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டியதாக, ஆக்கியதே 2024 நவம்பரில்தான். நாங்கள் அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே பெட்டிக்குப் பக்கத்தில் நின்று தொண்டை கட்டப் பேசிக்கொண்டிருந்தோம்.

இன்னொன்று. தோல் வியாபாரத்துக்காகப் பாம்பு பிடித்த இருளர்களின் பிழைப்பை 1972 சட்டம் ஒரே நாளில் நிறுத்தியது. 1978-ல் அவர்களுக்கென்று கூட்டுறவுச் சங்கம் வந்தது. முதலைப் பண்ணை வளாகத்தில்தான் விஷம் எடுக்கிறார்கள். பிடித்த பாம்பைச் சில வாரங்கள் வைத்திருந்து, விஷம் எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளம் இட்டுத் திரும்ப விட்டுவிடுகிறார்கள். பாம்புக்கடி மருந்துக்கு அந்த விஷம்தான் மூலப்பொருள். 2023-ல் இருளர் பாம்பு பிடிப்பவர்களான மாசி சடையனும் வடிவேல் கோபாலும் பத்மஸ்ரீ வாங்கியதைப் பார்த்திருப்பீர்கள். காட்சிக்கூடம், கூட்டுறவு, ஆய்வு எல்லாம் ஒரே கொடியில் காய்த்தவை. கொடியை வெட்டிவிட்டுக் காயை மட்டும் வைத்துக்கொள்ள முடியாது.

கழுவெளி | ஞாயிறு, பிற்பகல் 1.15

பாம்பு விஷயத்தில் உங்களோடு சண்டை இல்லை, அக்கா. பாம்பு நம் வீட்டுப் பின்கட்டில் இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்வது தற்காப்பு. அங்கே கற்பதை அன்று மாலையே பயன்படுத்தலாம். புலியிடமும் முதலையிடமும் கற்பதை எங்கே பயன்படுத்துவது?

முதலைப் பண்ணையையே எடுத்துக்கொள்வோம். ரோமுலஸ் விட்டேகரும் சாய் விட்டேகரும் 1976-ல் தொடங்கினார்கள். நோக்கத்தில் குறை சொல்லமாட்டேன்: தோலுக்காக வேட்டையாடி இந்திய முதலைகள் மூன்று இனமும் அருகிக்கொண்டிருந்தன. அரசின் முதலைத் திட்டமும் அதற்கு முந்தைய ஆண்டுதான் தொடங்கியிருந்தது. ஆங்கிலப் பெயரில் 'பேங்க்' என்றே வைத்தார்கள். முதல் போட்டாயிற்று, வட்டி குட்டி போட்டது, எடுத்துச் செலவழிக்கத்தான் ஆறு இல்லை. 1990-களில் சதுப்புநில முதலைகளைக் காட்டில் விடுவது நின்றது. தொட்டிகளில் இரண்டாயிரத்துக்கு மேல் சேர்ந்தன. 2022-ல் ஆயிரம் முதலைகளைக் குஜராத்தில் ஜாம்நகரில் உள்ள ஒரு தனியார் விலங்குக் காப்பகத்துக்கு அனுப்ப ஏற்பாடாயிற்று. ஒரு தொட்டியிலிருந்து இன்னொரு தொட்டிக்கு.

வடக்கே கரியால் என்ற ஒல்லி மூக்கு முதலையின் கதை இதைவிட மோசம். ஆயிரக்கணக்கான குட்டிகளை வளர்த்து ஆற்றில் விட்டார்கள். ஆற்றை யாரும் வளர்க்கவில்லை. 2007 டிசம்பரிலிருந்து சில மாதங்களில் சம்பல் ஆற்றில் நூற்றுக்கும் மேற்பட்ட கரியால்கள் செத்து ஒதுங்கின. மணல் அள்ளுவதும் அணை கட்டுவதும் மீன்வலையும் நிற்காதபோது, கண்காட்சியில் ஒல்லி மூக்கைக் காட்டிப் பிள்ளைகளை வியக்க வைத்து என்ன?

பாம்படம் | ஞாயிறு, பிற்பகல் 2.40

பாதிக் கணக்கைத்தான் காட்டுகிறீர்கள். விடுவது நின்றதற்கு வேண்டிய அளவு முதலை பெருகியதும் ஒரு காரணம். அமராவதி, சாத்தனூர், ஒகேனக்கல் என்று தமிழ்நாட்டிலேயே முதலை இருக்கிறது. கொள்ளிடக் கரையில் இருக்கிற ஊர்க்காரர்களைக் கேளுங்கள், "இதற்கு மேல் வேண்டாம்" என்பார்கள். துறையில் துவைக்கப் போகிறவர், மாடு குளிப்பாட்டுகிறவர் எல்லாரும் அவற்றோடுதான் வாழ வேண்டியிருக்கிறது. எந்த மாதத்தில் முட்டையிடும், எப்போது கரையோரம் போகக் கூடாது என்று சொல்ல வேண்டுமானால் யாராவது அதை உட்கார்ந்து பார்த்துத் தெரிந்துகொண்டிருக்க வேண்டும். ஒரே பருவத்தில் சதுப்புநில முதலை இருமுறை முட்டையிடும் என்பதை வடநெம்மேலித் தொட்டிகளில் பார்த்துத்தான் பதிவு செய்தார்கள். ஆசிரியரின் மாணவி கேட்ட வெப்பக் கணக்கும் அங்கே நடந்த ஆய்வில் வந்ததுதான். சம்பலில் கரியால்கள் செத்த பிறகு அந்த ஆற்றில் அவற்றைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து ஆராய்வதும் இதே நிறுவனம்.

தீனி எங்கிருந்து வருகிறது என்றும் கேளுங்கள். 2020, 2021 ஊரடங்கில் வாசல் மூடியதும் அவர்கள் பொதுமக்களிடம் நன்கொடை கேட்டார்கள். டிக்கெட்தான் தீனி. உங்களுக்குப் பிடிக்காத அந்தக் கூச்சல் போடும் கூட்டம்தான் இறைச்சி வாங்கிப் போடுகிறது.

கழுவெளி | ஞாயிறு, பிற்பகல் 2.51

அதைத்தான் நானும் சொல்கிறேன். கூட்டம் தீனி போடுவதால் கூட்டத்துக்குப் பிடித்ததைக் காட்ட வேண்டியிருக்கிறது. வெள்ளைப்புலி எப்படி வந்தது என்று இப்போது புரிகிறதா?

மாயாறு | ஞாயிறு, மாலை 6.05

மசினகுடிப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். கூண்டு வேண்டாம், காட்டிலேயே காட்டுவோம் என்று யாராவது சொல்வதற்கு முன் நானே முந்திக்கொள்கிறேன்.

எங்கள் ஊருக்கு வருகிற எல்லாருக்கும் யானை பிடிக்கும். பிடிக்கும் என்பதால்தான் வருகிறார்கள். வருவதால் விடுதி. விடுதிக்கு வேலி, விளக்கு, இரவில் பாட்டு. யானை போகும் வழி அடைபட்டது. சீகூர் யானை வழித்தட வழக்கில் வழியிலுள்ள விடுதிகளை அகற்றச் சென்னை உயர் நீதிமன்றம் 2011-ல் தீர்ப்பு சொல்லி, உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் அதை உறுதி செய்யவேண்டி வந்தது. அடுத்த ஜனவரியில் என்ன நடந்தது என்று நாடே பார்த்தது: ஒரு விடுதிப் பக்கம் வந்த யானையின் மேல் எரியும் பொருளை வீசினார்கள். காது பற்றி எரிய அது ஓடிய காட்சியை எல்லாத் தொலைக்காட்சியும் காட்டின. யானை செத்தது.

தெப்பக்காடு யானைகள் முகாம், அங்கே குட்டி வளர்த்த பொம்மன், பெள்ளி தம்பதி பற்றிய ஆவணப்படத்துக்குக் கிடைத்த ஆஸ்கர் விருதால் புகழ்பெற்ற பிறகு வந்த கூட்டத்தைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். குட்டி எங்கே, பொம்மன் எங்கே, பெள்ளி எங்கே என்று கேட்டுக்கொண்டு வண்டி வண்டியாக வந்தார்கள். அவர்களின் இனமான காட்டுநாயக்கப் பழங்குடிகளின் வாழ்க்கை பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

எனவே என் கட்சி என்னவென்றால், வண்டலூரே மேல். 602 ஹெக்டேருக்குள் கூச்சல் முடிந்துவிடுகிறது. தயவுசெய்து அதை மூடி எல்லாரையும் எங்கள் பக்கம் திருப்பிவிடாதீர்கள்.

மூர்மார்க்கெட் | ஞாயிறு, மாலை 6.30

இந்தக் கோணத்தை நான் நினைத்தே பார்க்கவில்லை.

கழுவெளி | ஞாயிறு, இரவு 8.45

மாயாறு நண்பரே, நியாயம். காட்டுக்குள் விடுதி கட்டுவதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. நான் கேட்பது வேறு. கடலாமை நடை என்று சென்னையில் ஒன்று இருக்கிறது. 1988-லிருந்து மாணவர்கள் நடத்துகிறார்கள். ஜனவரியிலிருந்து கோடை தொடங்கும்வரை இரவில் கடற்கரையோரம் கிலோமீட்டர் கணக்கில் நடந்து, முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் புதைக்கிறார்கள். வார இறுதிகளில் பொதுமக்களும் கூட நடக்கலாம். பல இரவுகளில் ஆமையே வராது. நடந்து கால் வலித்து வீட்டுக்குப் போவோம். அதுதான் பாடம்: இயற்கை உங்களுக்காக மேடையேறக் காத்திருக்கவில்லை. டிக்கெட் கொடுத்தால் விலங்கு வந்தே ஆக வேண்டும் என்ற எண்ணத்தைப் பிள்ளைக்கு ஊட்டுவதுதான் பூங்காவின் மிகப் பெரிய தீங்கு.

பாம்படம் | ஞாயிறு, இரவு 9.05

தம்பி, நான் நடந்திருக்கிறேன், நல்ல பாடம்தான். ஆனால் அதன் பூர்வோத்திரம் தெரியுமா? 1970-களின் தொடக்கத்தில் சென்னைக் கரையில் ஆமைத் தடம் தேடி இரவில் நடந்தவர்கள் யார்? பாம்புப் பண்ணையைத் தொடங்கினார்களே, அதே கூட்டம். நீங்கள் வெறுக்கும் கண்ணாடிப் பெட்டியின் மறுபக்கக் கதவு அந்தக் கடற்கரையில்தான் திறந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இத்தனை ஆண்டுகள் நடந்தும் 2025 ஜனவரியில் சென்னையைச் சுற்றியுள்ள கரையில் நூற்றுக்கணக்கில் பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. விசைப்படகு இழுவலையில் சிக்கி மூச்சுமுட்டிச் செத்தவை என்றார்கள். பூங்காவைக் கேட்ட அதே கேள்வியை நடையிடமும் கேட்பீர்களா?

கழுவெளி | ஞாயிறு, இரவு 9.40

கேட்கத்தான் வேண்டும். அந்த ஜனவரியில் நான் நீலாங்கரைக்குத் தெற்கே நடந்தேன். ஒரே இரவில் பதினொன்று எண்ணினேன். அதற்குப் பிறகு இரண்டு வாரம் கடற்கரைப் பக்கம் போகவில்லை. எண்ணியவர்கள் இருந்ததால்தான் செய்தியாயிற்று, செய்தியானதால்தான் கேள்வி கேட்டார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அது உங்கள் தரப்பு வாதம் என்று நீங்கள் சொல்வதற்கு முன் நானே ஒப்புக்கொள்கிறேன்.

ஏரிக்கரை | திங்கள், காலை 6.20

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். வயல் வேலை, எழுத நேரமில்லை. வேடந்தாங்கலுக்கு அடுத்த ஊர் நான்.

நீங்கள் எல்லாரும் ஒரு விஷயத்தில் ஒன்றாக இருக்கிறீர்கள். நகரத்துப் பிள்ளைக்கு யாரோ எங்கேயோ கற்றுக்கொடுத்தால்தான் இயற்கை பிழைக்கும் என்று இரு தரப்பும் நினைக்கிறீர்கள். எங்கள் பாட்டன்மாருக்கு யார் டிக்கெட் கொடுத்தது? ஏரியின் நீர்க்கடம்பில் பறவை கூடு கட்டும். எச்சம் தண்ணீரில் விழும். அந்தத் தண்ணீர் பாய்ந்த வயலுக்கு உரம் குறைவாகப் போதும். இதைக் கண்டுபிடிக்க எந்த ஆய்வும் தேவைப்படவில்லை. துப்பாக்கியோடு வந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களைப் பற்றி எங்கள் ஆட்களே போய்ப் புகார் சொல்லி, 1798-ல் கலெக்டர் பிளேஸிடம் பறவைகளைச் சுடக் கூடாது என்று எழுத்து வாங்கினார்கள். சரணாலயம் என்ற பெயர் வந்தது அதற்கு நூறு ஆண்டுகளுக்கும் மேல் கழித்து. சிவகங்கைப் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அவர்களுக்கு எந்தப் பூங்கா பாடம் நடத்தியது?

ஆனால் கழுவெளி அவர்கள் இதைத் தன் கட்சிக்கு எடுத்துக்கொள்ள வேண்டாம். ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரை சரணாலய எல்லை. அதைச் சுருக்கும் யோசனை 2020-ல் வந்தபோது எங்கள் ஊர்க்காரர்கள் கத்தியது மதுராந்தகம்வரைகூடக் கேட்டிருக்காது. சென்னையிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் எழுதினார்கள், பேசினார்கள். ஏன்? சிறுவயதில் அப்பா அம்மாவோடு வந்து, காட்சிக் கோபுரத்தில் ஏறி, நத்தைகுத்தி நாரையையும் கூழைக்கடாவையும் பார்த்துவிட்டுப் போனவர்கள். பக்கத்திலேயே கரிக்கிலி இருக்கிறது. அதுவும் சரணாலயம்தான், இரண்டையும் 2022-ல் உலக முக்கிய ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்த்தார்கள். கரிக்கிலிக்கு ஒரு ஆபத்து வந்தால் அத்தனை பேர் எழுதுவார்களா? வந்து பார்த்தவர்கள் குறைவு.

சுற்றுலாக்காரர்கள் போட்டுவிட்டுப் போகும் தண்ணீர்ப் பாட்டிலை என் மாட்டின் வாயிலிருந்து பிடுங்கியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை எங்கள் சாலையில் டிராக்டர் போக முடியாது. அப்படியிருந்தும் சொல்கிறேன், வரட்டும். ஆனால் வருகிறவரிடம் பறவையின் பெயரை மட்டும் சொல்லி அனுப்புகிறீர்கள். ஏரி எப்படி நிரம்புகிறது, வரத்துக் கால்வாய் எங்கே, மதகு எங்கே, தண்ணீர் யார் வயலுக்குப் போகிறது என்று ஒருவரும் கேட்பதில்லை, சொல்வதும் இல்லை. ஏரி இல்லாவிட்டால் நாரை எங்கே உட்காரும்?

கழுவெளி | திங்கள், காலை 7.55

அண்ணா, இதற்குப் பதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. வெள்ளைப்புலி பற்றிச் சொன்னதை மட்டும் திரும்பப் பெறமாட்டேன்.

பாம்படம் | திங்கள், காலை 8.10

வெள்ளைப்புலியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், நானும் அதற்காக வாதாடவில்லை. ஆனால் அதன் முன்னால் முண்டியடிக்கிற கூட்டத்திடம் மோகன் கதையை ஒருவர் சொன்னால்? "அழகாக இருக்கிறதே, இது ஏன் காட்டில் இல்லை தெரியுமா?" என்று தொடங்கினால் இருநூறு பேர் நின்று கேட்பார்கள். சோலைமந்திக்கு முன்னால் பேசினால் நான்கு பேர். ஆசிரியர் ஐயா, உங்கள் பயணத்தில் பேச ஆள் இருந்த இடத்தில் கல் கீழே விழுந்தது. மற்ற இடத்தில் பேட்டரி தீர்ந்த வானொலி போலப் பலகைதான் நின்றிருக்கும்.

கரும்பலகை | திங்கள், இரவு 8.30

அத்தனை பேருக்கும் நன்றி. சக ஆசிரியரிடம் இன்று மாயாறு அவர்களின் பதிவைக் காட்டினேன். "அப்படியென்றால் எங்கேயும் அழைத்துப் போகக் கூடாது என்கிறார்களா?" என்று கேட்டார். ஏரிக்கரை அவர்களின் பதிவையும் காட்டினேன். படித்துவிட்டுப் பேசாமல் கணக்கு வகுப்புக்குப் போய்விட்டார். அவருக்கு மதுராந்தகம் என்று பிறகுதான் தெரிந்தது.

ஜனவரியில் வேடந்தாங்கல் போகலாம் என்று இருக்கிறேன். பறவைக்கு முன் மதகு. தலைமை ஆசிரியர் ஒத்துக்கொண்டார். ஏரிக்கரை ஐயா, வரத்துக் கால்வாயை நீங்கள் நடத்திக் காட்ட முடியுமா? கழுவெளி அவர்களிடம் தொலைநோக்கி இருக்குமென்று நினைக்கிறேன். சோலைமந்திக்கும் ஒரு கடன் பாக்கி இருக்கிறது; அதற்கு வண்டலூர் மறுபடி போக வேண்டும், சாப்பாட்டுக்குப் பிறகு.

பாம்படம் | திங்கள், இரவு 8.44

செவ்வாய்க்கிழமை வண்டலூர் விடுமுறை, கிண்டி பாம்புப் பண்ணையும் விடுமுறை. முதலைப் பண்ணைக்குத் திங்கள். காணும் பொங்கலன்று மட்டும் எங்கேயும் போய்விடாதீர்கள், பிள்ளைகளைத் தேடியே பொழுது போய்விடும்.

கழுவெளி | திங்கள், இரவு 9.00

தொலைநோக்கி ஒன்றுதான் இருக்கிறது. 43 பேர் வரிசையில் நிற்க வேண்டும். இன்னும் இரண்டு கடன் கேட்டுப் பார்க்கிறேன்.

ஏரிக்கரை | செவ்வாய், காலை 5.50

வாருங்கள். கால்வாயில் முள் அடைத்திருக்கிறது, அதற்குள் வெட்டிவிடுவோம். ஆனால் இப்போது ஏரியில் பாதத்தளவுகூடத் தண்ணீர் இல்லை. ஐப்பசி கார்த்திகையில் மழை நின்று பெய்ய வேண்டும். நிரம்பாவிட்டால் மார்கழிக் கடைசியில் இங்கேயே எழுதுகிறேன், பஸ்ஸுக்கு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.